விழுந்த கொம்பும் வீழ்த்திய கொம்பும்

தொண்டைமானாற்றங்கரையிலுள்ள செல்வச்சந்நிதியில், வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மந்திரமின்றி மௌனமாகப் பூசை செய்யும் பூசகர்களையும், ஆலிலைகளிற் படைக்கப்படும் நைவேத்தியத்தையும் கண்டவர்கள், அத்தலத்தைச் 'சின்னக் கதிர்காமம்' என்று நம்மவர் அழைப்பதன் பொருத்தத்தை எவரும் எடுத்துச் சொல்லாமலே உணர்வர். அந்தப் பொருத்தத்துக்குக் கால்களாலே சாட்சி சொல்வதுபோல, ஆண்டுதோறும் ஒரு யாத்திரைக் கூட்டம் வேலைத் தாங்கி இச்சந்நிதியிலிருந்து புறப்பட்டு, வற்றாப்பளை, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கீழைக்கரை வழியே வாரக்கணக்கில் நடந்து, உகந்தைமலை முருகனை வணங்கியபின், கூமுனைக் காட்டையும் யால வனத்தையும் ஊடறுத்துக் கதிர்காமக் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேருகிறது. போர்க்காலத்திற் பல்லாண்டுகள் தடைப்பட்டுப் பின்னர் மீண்ட இந்தப் பாதயாத்திரைக்காக, வனஜீவராசிகள் திணைக்களம் உகந்தைக்கு அப்பாலுள்ள காட்டுவழியைக் குறித்த சில நாட்களுக்கு மாத்திரம் திறந்துவிடுகிறது.

அவ்வழியில் நடப்பவரின் காலில், உலர்ந்த மரக்கிளை போலத் தோன்றி, கையில் எடுத்தால் கல்லைப்போலக் கனக்கும் ஒரு பொருள் என்றேனும் தட்டுப்படலாம். அது மரை உதிர்த்துவிட்டுப்போன கொம்பு. அதைப் பெறுவதற்காக எவரும் ஒரு பிராணியையும் கொல்லவில்லை. உரிமையாளனாகிய மரையே அதை வேண்டாமென்று விட்டுப் போயிருக்கிறது. மழையிலும் வெயிலிலும் கிடந்து மண்ணாகப் போவதை ஒருவன் எடுத்து வந்து வீட்டுச் சுவரில் மாட்டினால், அல்லது வியாபாரிக்கு விற்றால், யாருக்கு என்ன நட்டம்? ஆயினும் அதை எடுப்பது சட்டப்படி குற்றம். நியாயமான இக்கேள்விக்கும் கடுமையான அச்சட்டத்துக்கும் இடையிலுள்ள காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தானாக விளைந்ததை எடுப்பது குற்றமா என்ற கேள்வி தொண்டைமானாற்றுக்குப் புதியதன்று. கரணவாய், வெள்ளப்பரவைப் பகுதிகளில் இயற்கையாக விளைந்த உப்பை மரக்கலங்களில் ஏற்றிச் செல்வதற்காகவே கருணாகரத் தொண்டைமான் இவ்வாற்றை வெட்டுவித்தான் என்பது ஊர்ப்பெயரோடு ஒட்டிவரும் ஐதிகம். பிற்காலத்தில் உப்பு வியாபாரத்தைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்ட பிரித்தானிய அரசாங்கம், கடலும் வெயிலும் சேர்ந்து வீட்டு வாசலில் விளைவித்த உப்பைக் குடிமகன் அள்ளுவதையும் குற்றமாக்கியது. அந்தச் சட்டம் காத்தது திறைசேரியை. கொம்பைப் பற்றிய சட்டம் எதைக் காக்கிறது என்பதை அறியுமுன், கொம்புக்கு உரிய பிராணியை அறியவேண்டும்.

மரை என்னும் மான்

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மரை என்றும், தமிழ்நாட்டிற் கடமான் என்றும், பொதிகை, குமரி மலைப்பக்கத்தில் மிளா என்றும், சிங்களத்திற் கோனா என்றும் வழங்கப்படுவது ஒரே பிராணியே. ஆசிய மான் இனங்களுள் மிகப் பெரியவற்றில் ஒன்றாகிய இது, புள்ளிகளின்றிக் கருங்கபில நிறத்துடன், இரவில் மேய்ந்து பகலில் அடர்காட்டில் ஒடுங்கும் சுபாவமுடையது. சங்கப் பாடல்களில் நெல்லிக்கனியோடு சேர்த்துச் சொல்லப்படும் பழம்பெயர் மரை. வவுனியாப் பக்கத்திலே மரையடித்தகுளம் என்று ஓர் ஊரே உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டிற் காட்டு மரை இல்லை. இங்குள்ளோர் அதை அறிந்ததெல்லாம் வன்னியிலிருந்து வந்த வற்றலாகவும் கொம்பாகவுமே.

இலங்கைக்கு வந்த ஆங்கிலேயர் இதற்கு 'எல்க்' என்று பெயரிட்டதால் உண்டான குழப்பம் இன்னும் தீர்ந்தபாடில்லை. ஐரோப்பாவில் எல்க் என்பது தட்டையான அகன்ற கொம்புடைய வேறொரு பெரிய மான். அமெரிக்காவிலோ அப்பெயர் வாப்பிட்டி எனப்படும் மற்றொரு மானைக் குறிக்கும். இவ்விரண்டும் இலங்கையில் என்றும் இருந்ததில்லை. 1855 வரை நுவரெலியாவிற் குடியிருந்து, வேட்டைநாய்களை ஏவி மரையைத் துரத்திக் கத்தியாற் குத்தி வீழ்த்துவதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருந்த சாமுவேல் பேக்கர் எழுதிய வேட்டை நூல்களில் 'எல்க்' என்று வருமிடமெல்லாம் மரை என்றே வாசித்துக்கொள்ள வேண்டும். அக்காலத்து வேட்டையிலிருந்து தப்பிய வமிசத்தின் மந்தைகளை இன்றும் ஹோட்டன் சமவெளியின் புல்வெளிகளில் அந்திப்பொழுதிற் காணலாம்.

கழன்று விழும் எலும்பு

மாட்டின் கொம்பையும் மரையின் கொம்பையும் தமிழில் ஒரே சொல்லாற் குறிக்கிறோமாயினும், அவை இரண்டும் வெவ்வேறு பொருள்கள். மாடு, ஆடு, புல்வாய் ஆகியவற்றின் கொம்பு, உள்ளே எலும்பும் வெளியே நகத்தை ஒத்த உறையுமாக ஆயுள் முழுவதும் வளர்வது. ஒருமுறை ஒடிந்தால் மீளாதது. மான் குடும்பத்தின் கொம்போ முழுவதும் எலும்பு. பெரும்பாலான மானினங்களில் ஆண்விலங்குக்கு மாத்திரமே உரிய அது, நெற்றியெலும்பின் இரு முளைகளிலிருந்து கிளம்பி, மென்மயிர் போர்த்த தோலின் இரத்தநாளங்களால் ஊட்டம் பெற்று வளர்கிறது. அமெரிக்க வாப்பிட்டியில் வளர்ச்சி உச்சமாக உள்ள நாட்களில் ஒரே நாளில் 2 சென்ரிமீற்றருக்கு மேலும் நீள்வதுண்டு. வளர்ச்சி முடிந்ததும் மேற்றோல் உலர்ந்து உரிய, மான் அதை மரத்தில் உரைஞ்சித் தேய்த்துக் கழித்து, இனச்சேர்க்கைக் காலப் போருக்கு ஆயுதபாணியாகிறது. போர்க்காலம் கழிந்து ஆண்மைச் சுரப்பு தணிந்ததும், முளைக்கும் கொம்புக்கும் இடையிலுள்ள எலும்பை உடலே கரைத்துவிட, ஒருநாள் ஒரு கொம்பும் பின்னொருநாள் வேறோரிடத்தில் மற்றதும் விழுந்துவிடுகின்றன. பேச்சுவழக்கில் ஒருவனுக்கு 'மரை கழன்றுவிட்டது' என்றால் அவன் புத்தி பேதலித்ததாகப் பொருள். மரைக்குக் கொம்பு கழல்வதோ உடல்நலத்தின் இலட்சணம்.

குளிர்நாடுகளில் இந்த உதிர்வு பருவம் தவறாது, பெரும்பாலும் பனிக்காலத்திலோ அதன் கடைசியிலோ நிகழும். பருவபேதம் குறைந்த நம் நாட்டிலே அது ஆண்டின் பல மாதங்களில் பரந்து நிகழ்வதால், ஒரே காலத்தில் ஒரே இடத்தில் கொம்புகளைப் பெருந்தொகையாகப் பொறுக்கிக் குவிக்கும் வாய்ப்பு இங்கு இயல்பிலேயே குறைவு. முதிர்ந்த மரைக்கொம்பு பெரும்பாலும் பக்கத்துக்கு மூன்று கிளையாக நிற்கும்: புருவத்தின்மேல் ஒன்று, நுனியிற் கவராக இரண்டு.

கொம்பின் விலை

மனிதன் இவ்வெலும்பைத் தேடியலைந்தது நேற்று இன்றல்ல. இங்கிலாந்தின் கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்னுமிடத்திலே, சிக்கிமுக்கிக் கல்லைத் தோண்டிய கற்கால மக்கள் செம்மானின் கொம்புகளையே தோண்டுகருவியாகக் கொண்டிருந்தனர். அவற்றுட் பெரும்பகுதி உதிர்ந்து பொறுக்கப்பட்டவை. மான்கொம்பைக் காய்ச்சி வடித்த அமோனியா, மூர்ச்சை தெளிவிக்கும் மருந்தாக ஐரோப்பிய வீடுகளில் நெடுங்காலம் இருந்தது. நம் சித்த வைத்தியர்களோ மான்கொம்பைப் புடமிட்டுச் சிருங்கி பற்பமாக்கி நெஞ்சுநோவுக்கும் கபத்துக்கும் கொடுத்தனர். கிழவிகள் கொம்புத்துண்டைக் கல்லில் உரைத்து வீக்கத்துக்குப் பூசினர்.

ஆயினும் உலக வியாபாரத்தை இயக்கியது மருந்தன்று, கத்திப்பிடி. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்துக் கத்திக் கொல்லர், உள்ளே பஞ்சுத்தன்மை குறைந்து புறத்தே தடித்து இறுகிய எலும்புடைய மரைக்கொம்பையே சிறந்ததெனக் கொண்டனர். அது இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாகச் சென்றது. பிரித்தானியர் காலத்து இலங்கையின் ஏற்றுமதிப் பண்டங்களிலும் தோலும் கொம்பும் இடம்பெற்றன. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னும், உதிர்ந்தது என்ற பெயரிற் கொம்பு அந்நாட்டை விட்டு வெளியேறிக்கொண்டேயிருந்தது. 1990களின் பிற்பகுதியில் அந்த வாசலும் அடைக்கப்பட, உலகெங்குமுள்ள கத்திக் கொல்லர் அமெரிக்க எல்க், ஐரோப்பியச் செம்மான் ஆகியவற்றின் கொம்புகளை நாடலாயினர்.

அமெரிக்காவிலே இந்த வியாபாரம் வெளிப்படையானது. வயோமிங் மாநிலத்தின் ஜாக்சன் நகருக்கு அருகில் 1912இல் அமைக்கப்பட்ட தேசிய எல்க் சரணாலயத்தில், பனிக்காலத்தைக் கழிக்க வரும் ஆயிரக்கணக்கான எல்க்குகள் உதிர்த்த கொம்புகளைச் சாரணச் சிறுவர் அனுமதியுடன் சேகரித்து, மே மாதத்தில் நகரச் சதுக்கத்தில் ஏலம் விடுகின்றனர். வருவாயின் பெரும்பங்கு சரணாலயத்துக்கே திரும்புகிறது. வளர்ந்த ஆணின் ஒரு சோடி 18 கிலோகிராம்வரை நிறுக்கும். அவ்வாண்டு விழுந்து நிறம் மாறாத கபிலக் கொம்புக்கு உயர்ந்த விலை. வெயிலில் வெளுத்ததற்கு அதனிற் குறைவு. வெடித்துச் சுண்ணாம்பாகத் தொடங்கியதற்குக் கடை விலை. விளக்குத் தொங்கல், நாற்காலி, கத்திப்பிடி என்பவற்றோடு, வளர்ப்புநாய் கடித்து விளையாடுவதற்கும் இன்று அது பெருந்தொகையாக விற்கிறது.

ஆனால் இத்தனை தாராளமான அந்நாட்டிலும் கட்டுப்பாடு இல்லாமலில்லை. வயோமிங்கின் மேற்குப் பகுதியில் ஜனவரி 1 முதல் ஏப்ரல் முடியும்வரை அரசாங்க நிலத்திற் கொம்பு பொறுக்குதல் தடை. பனிக்காலம் முழுவதும் உடலிற் சேர்த்த கொழுப்பைக் கரைத்து உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் மந்தையை, கொம்பு தேடுவோர் கலைத்து ஓட்டினால், அந்த ஓட்டமே மெலிந்த விலங்குக்கும் சினையாயுள்ள பெட்டைக்கும் யமனாகிவிடும். பொறுக்குதலால் எவருக்கும் நட்டமில்லை என்ற வாதத்துக்கு முதல் மறுப்பு, கொம்பு வியாபாரம் செழித்த நாட்டிலிருந்தே வருகிறது.

அடியைப் பார்

இரண்டாவது மறுப்பு நம் நாட்டுக்கு இன்னும் நெருக்கமானது. உதிர்ந்த கொம்பை அறிவது எளிது: அதன் அடியில் முடிச்சு முடிச்சான வளையம் சிதையாதிருக்கும், வளையத்துக்குக் கீழே, முத்திரை குத்திய அரக்குப்போலச் சற்றே புடைத்துச் சொரசொரத்த முகம் இருக்கும். கொன்று எடுத்த கொம்பிலோ மண்டையெலும்பின் துண்டு ஒட்டியிருக்கும், அல்லது வாள் அறுத்த தட்டையான தழும்பு தெரியும். முழுக்கொம்பு கையிலிருக்கும்வரை இந்தச் சாட்சியம் பொய்க்காது.

ஆனால் கொம்பு முழுதாகவா சந்தையில் நிற்கிறது? துண்டாகிப் பிடியாகவும், சீவலாகவும், பொடியாகவும், பற்பமாகவும் ஆனபின், விழுந்ததெது, வீழ்த்தியதெது என்பதை எந்த அதிகாரியும் கண்ணால் அறிய இயலாது. கொன்றால் இறைச்சியும் தோலும் கொம்பும் கிடைக்கும். விழுந்ததைத் தேடினால் நாட்கணக்கில் அலைந்து ஒரு கொம்பு கிடைக்கும். இரண்டுக்கும் ஒரே விலை என்றால் வேட்டைக்காரன் எதைத் தெரிவுசெய்வான் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. உதிர்ந்ததற்கென்று திறந்துவைத்த கதவால் கொன்றதும் நுழையும்.

ஆகவேதான் இலங்கையில், 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும், மரையைப் பாதுகாக்கப்பட்ட பிராணியாகக் கொள்வதோடு, தேசிய வனத்திலிருந்து எதையும் அகற்றுவதையும் வனவிலங்கின் உறுப்புகளை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதையும் தடுக்கின்றன. உப்புச் சட்டத்துக்கும் இதற்கும் உள்ள பேதம் இதுவே: அது குடிமகனிடமிருந்து பொருளை எடுத்து அரசின் களஞ்சியத்தில் வைத்தது, இது எவருக்கும் கொடாமல், கிடந்த இடத்திலேயே கிடக்கவிடுகிறது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் 2008 முதல் மரை அபாயத்துக்கு ஆளாகக்கூடிய இனமாக இருப்பதை எண்ணினால், இக்கடுமை மிகையெனத் தோன்றாது.

கிடந்த இடத்திற் கிடப்பது வீணும் அன்று. இரவில் முள்ளம்பன்றி அக்கொம்பைக் கொறிக்கிறது. மான்களே சிலவேளை அதை மெல்லுவதுண்டு. எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் பொசுபரசும் அரிதாகிய காட்டில், ஒரு மரை ஓராண்டு புல்லிலும் தழையிலுமிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்த மூலதனம் இவ்வாறு மீண்டும் காட்டுக்கே பங்கிடப்படுகிறது.

குடாநாட்டுப் பழைய வீடுகளின் விறாந்தையில், தொப்பியும் சால்வையும் குடையும் மாட்டுவதற்காகப் பாட்டன் காலத்தில் அறைந்த மரைக்கொம்பு சிலவிடங்களில் இன்னும் நிற்கிறது. விழுந்த கொம்பு, முன்னரே கண்டோம், ஒன்றொன்றாக, வெவ்வேறு நாளில், வெவ்வேறு இடத்தில் விழுவது. ஆகையால் ஒன்றுக்கொன்று ஒப்பான இரண்டும் சோடியாகச் சுவரில் நின்றால், அவற்றை இணைத்து நிற்பது எதுவென்று அந்த மரப்பலகையின் பின்னே ஒருமுறை பார்ப்பது நல்லது. பெரும்பாலும் அது ஒரு மண்டையெலும்பாகவே இருக்கும்.