விசிலைக் கையில் எடுக்கும் முன்

வட சென்னையில் ஒரு கால்பந்துக் கிளப்பில் ஆடி வளர்ந்தவர் வேலைக்குப் போகத் தொடங்கியதும், ஒருநாள் கிரவுண்டில் கேட்பார்கள்: "சாயங்காலம் வந்து சின்னப் பசங்களைக் கொஞ்சம் பாத்துக்கயேன்." பெரும்பாலும் சம்பளம் இருக்காது. ஆனாலும் போகிறார்கள். வியாசர்பாடியில் பிறந்த தனபால் கணேஷும் நந்தகுமார் சேகரும் இந்திய அணிவரை போனார்கள் என்றால், அந்தப் பகுதியில் பிள்ளைகளுக்காக மாலை நேரத்தைக் கொடுத்தவர்களுக்கு அதில் பங்குண்டு. இந்தக் கட்டுரை அப்படிப் போகப்போகிற இளைஞருக்கும், பிள்ளையை அவரிடம் அனுப்பப்போகிற பெற்றோருக்கும்.

முதலில் சட்டம் உங்களை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். காசு வாங்காமல் வருகிறேன் என்பதால் பொறுப்பு குறைந்துவிடாது. 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாரும், ஆணோ பெண்ணோ, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டப்படி குழந்தைகள். பிள்ளை நம்பி மதிக்கிற இடத்தில் இருப்பவரே பாலியல் வன்கொடுமை செய்தால் அது கடுமையான வகைக் குற்றம். குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டு. 2020-ல் வந்த போக்சோ விதிகள் விளையாட்டு அகாடமிகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. பிள்ளைகளோடு பழகும் ஊழியர் ஒவ்வொருவரைப் பற்றியும் காவல்துறைச் சரிபார்ப்பு செய்ய வேண்டும். அதைக் குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் செய்ய வேண்டும்.

"நம்ம பையன்தானே, இவனுக்கு எதுக்கு சரிபார்ப்பு?" என்று கிளப்பில் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் நீங்களே விண்ணப்பித்து அந்தத் தாளைக் கொடுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. இங்கிலாந்தில் பாரி பென்னல் என்ற இளையோர் பயிற்சியாளரையும் எல்லாரும் திறமைசாலி என்று நம்பினார்கள். சிறுவர்களைத் தன் வீட்டில் தங்கவைத்தபோதும் யாரும் தடுக்கவில்லை. அவரிடம் சிறுவனாகப் பயிற்சி பெற்ற முன்னாள் வீரர் ஆண்டி உட்வர்ட் 2016-ல் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைப் பெயரோடு வெளியே சொன்ன பிறகு, பாதிக்கப்பட்ட பலர் பேச முன்வந்தார்கள். 2018-ல் பென்னலுக்கு 30 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆண்பிள்ளைக்கு என்ன ஆகிவிடும் என்று நினைக்கிற பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டிலும், 2022-ல் ஐரோப்பா சென்றிருந்த 17 வயதுக்குட்பட்ட இந்திய மகளிர் அணியின் உதவிப் பயிற்சியாளர் ஒருவர், தவறான நடத்தைப் புகாரின் பேரில் பாதியிலேயே திருப்பி அழைக்கப்பட்டுப் பதவி நீக்கப்பட்டார்.

நல்ல மனிதர் என்ற பெயரை மட்டும் நம்பி ஒரு கிளப் நடக்கக் கூடாது. அன்றாட நடைமுறையே எல்லாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். பயிற்சியின்போது குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும். ஒரு பிள்ளையைத் தனியாக பைக்கில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். வழியில்லாமல் போகவேண்டி வந்தால் வீட்டுக்குப் போன் செய்து சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். செய்தி எல்லாம் பெற்றோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில்தான். இரவு பத்து மணிக்கு ஒரு மாணவிக்குத் தனியாக அனுப்பும் "நல்லா ஆடின" என்ற பாராட்டுகூட வேண்டாம். தசைப்பிடிப்புக்குக் கால் நீவிவிடுவது அறைக்குள் அல்ல, மைதான ஓரத்தில். பெண்பிள்ளைகள் அணிக்கு ஒரு பெண் பயிற்சியாளரோ, ஒரு தாயோ அவசியம். வெளியூர் டோர்னமென்ட்தான் மிகவும் கவனம் வேண்டிய இடம். கல்யாண மண்டபத்தில் பாய் விரித்துப் படுக்கிற பயணங்களில் பெரியவர்கள் படுக்கும் இடம் தனியாக இருக்க வேண்டும். எங்கே தங்குகிறோம், கூட யார் வருகிறார்கள், எப்போது திரும்புவோம் என்பதை எழுதிப் பெற்றோர் கையெழுத்து வாங்குங்கள்.

அடித்தால்தான் ஆட்டம் வரும் என்று நம்பி வளர்ந்த தலைமுறை நாம். அந்த நம்பிக்கையைக் கிரவுண்டுக்கு வெளியே விட்டுவிட்டு வாருங்கள். தன் பொறுப்பில் உள்ள பிள்ளையைத் தாக்குவதும், தேவையற்ற உடல், மனத் துன்பம் தருவதும் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவின்கீழ் குற்றம். 3 ஆண்டுவரை சிறை உண்டு. தாமதமாக வந்தவனை மே மாத வெயிலில் இருபது ரவுண்டு ஓடவிடுவதையும் இந்தக் கண்ணால் பாருங்கள்.

அடுத்தது உடம்பு. தலையில் அடிபட்டு மயங்கிய, தடுமாறிய, குழப்பமாகப் பேசிய பிள்ளை அன்று மறுபடி களத்தில் இறங்கக் கூடாது; இறுதி ஆட்டமாக இருந்தாலும்தான். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து சங்கங்கள் 2020-லேயே தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெடர் அடிப்பதை நிறுத்திவிட்டன. நாமும் நிறுத்தலாம்; அதற்கு எந்தச் செலவும் இல்லை. தரையில் பிடிப்பில்லாத கோல் போஸ்ட்டில் பிள்ளைகள் தொங்கினால் அது சாய்ந்து தலையில் விழும். 2025 நவம்பரில் ஹரியானாவில் கூடைப்பந்துக் கம்பங்கள் சரிந்து இரண்டு சிறுவர்கள் இறந்ததை நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் போஸ்ட்டை ஆட்டிப் பார்த்த பிறகு விசில் ஊதுங்கள். இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி உயிர்காக்கும் முதலுதவியை முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். 108 வண்டி எந்த வாசல் வழியாக உள்ளே வரும், அந்த வாசலின் சாவி யாரிடம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் 'டி' உரிமம் தொடக்கநிலைப் பயிற்சியாளருக்கானது. முடிந்தால் கிளப்பே அதற்குப் பணம் கட்ட வேண்டும். ஃபிஃபாவின் கார்டியன்ஸ் திட்டத்தில் பிள்ளைகள் பாதுகாப்பு பற்றிய இணையவழிப் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

பெற்றோரை ஏமாற்றுகிறவர்களும் கிரவுண்டுக்கு வருகிறார்கள். "ஸ்பெயினில் ட்ரையல், மூன்று லட்சம் கட்டுங்கள்" என்று ஒருவர் வந்தால், 18 வயதுக்குக் கீழ் உள்ள ஆட்டக்காரர் வெளிநாட்டுக் கிளப்புக்கு மாறுவதை ஃபிஃபா சில விதிவிலக்குகள் தவிரத் தடை செய்திருக்கிறது என்பதைப் பெற்றோரிடம் சொல்லுங்கள். வந்தவர் உங்கள் நண்பராக இருந்தாலும் சொல்லுங்கள். வயதைக் குறைத்துப் பிறப்புச் சான்றிதழ் தயாரிக்கச் சொல்லும் நிர்வாகியிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள். போலி ஆவணம் குற்றம், அதற்கு உடந்தையாக இருப்பதும் குற்றம்.

இனி, ஒரு பிள்ளை உங்களிடம் வந்து ஏதோ நடந்தது என்று சொன்னால் என்ன செய்வது? குறுக்கிடாமல் கேளுங்கள். துருவித் துருவி விசாரிக்காதீர்கள். அது உங்கள் வேலை இல்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். சொல்லியே ஆக வேண்டும். கமிட்டி கூடிப் பேசி முடித்துக்கொள்ள இதில் இடம் இல்லை. போக்சோ குற்றம் நடந்ததாகத் தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாதவருக்கு 6 மாதம்வரை சிறை. தன் கீழ் வேலை செய்தவரின் குற்றத்தை மறைத்த நிர்வாகிக்கு ஓர் ஆண்டுவரை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மேல் வழக்குப் போட முடியாது. 1098 குழந்தைகள் உதவி எண், அதற்குப் பணம் கிடையாது. பிள்ளையின் பெயரையோ படத்தையோ எந்தக் குழுவிலும் போடாதீர்கள்.

காவல் நிலையத்தில் தகவலை எழுத்தில் பதிந்து எண் கொடுக்க வேண்டும். பதிய மறுத்த அதிகாரிக்கும் அதே 6 மாதத் தண்டனைப் பிரிவு பொருந்தும். பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ சீருடை அணியாத அதிகாரிதான் வாங்க வேண்டும். இயன்றவரை அவர் பெண்ணாக இருக்க வேண்டும். இரவில் பிள்ளையை நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் தகவல் போக வேண்டும். போகவில்லை என்று தோன்றினால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நீங்களே எழுதிக் கொடுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரை அன்றே பயிற்சியிலிருந்து விலக்கிவைத்து, அந்தப் பிள்ளை மறுநாளும் வழக்கம்போல் ஆட வர வேறொருவரை நியமிப்பது கிளப்பின் வேலை.