சினத்தின் அடியில் இருப்பது: ஆண்களுக்கான குடிநோய்ச் சிகிச்சை

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளிவந்த தேசிய ஆய்வு, 10 முதல் 75 வயது வரையுள்ள ஆண்களில் 27.3 விழுக்காட்டினரும் பெண்களில் 1.6 விழுக்காட்டினரும் மது அருந்துவதாகக் கணக்கிட்டது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருந்தார். நம் நாட்டின் போதை மீட்பு மையங்களில் பெரும்பாலும் ஆண்களே தங்குகின்றனர் என்றாலும், ஆண் ஏன் குடிக்கிறான், உதவி கேட்க ஏன் கூசுகிறான் என்ற கேள்விகளைச் சிகிச்சையின் நடுவே வைக்கும் மையத்தையே ஆண்களுக்கான மையம் எனலாம்.

முதற்கட்டம் உடலைப் பற்றியது. நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது, பழகிப்போன மதுவை இழந்த நரம்பு மண்டலம் கொந்தளிப்பதால், தண்ணீர்க் குவளையை இரு கைகளாலும் பிடித்தாலும் தளும்பும் அளவுக்கு நடுக்கமும், சிலருக்கு வலிப்பும், இரண்டு மூன்று நாட்களில் மனக்குழப்பமும் தோன்றக்கூடும். விலகல் அறிகுறிகள் எனப்படும் இவை உயிரையே பறிக்கக்கூடியவை. ஆகவே மருத்துவர் மேற்பார்வையில் டயாசிபாம் போன்ற மருந்துகளும் தயமின் என்னும் பி1 வைட்டமினும் கொடுக்கப்படுகின்றன. குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் உதவுகிறது. குடித்தால் வாந்தியும் படபடப்பும் உண்டாக்கும் டைசல்ஃபிராமை நோயாளி அறிந்து, ஒப்பி உட்கொள்ள வேண்டும். அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்த கட்டமே ஆண்களுக்கென வடிவமைக்கப்படுவது. அழக் கூடாது, தோற்றதைச் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவருக்கு அச்சமும் துயரமும் அவமானமும் சினமாகவே வெளிப்படுவதால், மனச்சோர்வுகூட எரிச்சலாகவும் வன்முறையாகவும் உருமாறி, நோயென அறியப்படாமல் போகிறது. ஆண்கள் மட்டும் அமரும் குழு ஆலோசனையில், மனைவியை அடித்த மாலையைப் பற்றிப் பேசுபவரிடம் ஆலோசகர், அதற்கு முந்தைய மணி நேரங்களில் நிகழ்ந்ததைக் கேட்கிறார். கடன் கொடுத்தவர் தெருவில் வைத்துப் பேசிய சொல்லும், வெறுங்கையோடு வீடு திரும்பக் கூசியதும் அப்போது வெளிவரலாம். இது அடித்ததற்கு நியாயம் கற்பிப்பதாகாது. அடித்ததற்குத் தாமே பொறுப்பென அவர் ஏற்பதும் சிகிச்சையின் பகுதியே.

கணவரைக் குடிநோய்க்கு இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, நோயாளியுடன் குடும்பத்தினருக்கும் தனியே ஆலோசனை அளித்து வருகிறது. குடும்பம் தேறுவதும் சிகிச்சையின் இலக்கு என்பதை இம்முறை உணர்த்துகிறது. வீடு திரும்பிய பிறகு நண்பர் வட்டமும் கூலி நாளும் மீண்டும் குடிக்க அழைக்கும் என்பதால், தொடர் ஆலோசனையும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற தோழமைக் கூட்டங்களும் தேவைப்படுகின்றன.

அடித்துத் திருத்துவதாகச் சொல்லும் இடங்களைக் குடும்பங்கள் அறவே தவிர்க்க வேண்டும். குடிசார்ந்த மனநலக் கோளாறுகளையும் உள்ளடக்கும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. மருத்துவரும் பயிற்சி பெற்ற ஆலோசகரும் இருக்கிறார்களா, குடும்பத்தினர் நோயாளியைப் பார்க்க முடிகிறதா என்று கேட்டறிந்த பிறகே ஒருவரைச் சேர்க்க வேண்டும். வழிகாட்டுதலுக்கு 14446 என்ற தேசிய உதவி எண் உள்ளது. அதை அழைக்கும் ஆணை ஏளனம் செய்யாத சுற்றத்தை உருவாக்குவது நம் அனைவரின் கடமை.