இடுப்பு மூட்டு ஆபரேஷன்: முன்பக்கமா, பக்கவாட்டிலா, பின்பக்கமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பாட்டு கேட்பார்கள், கேம் விளையாடுவார்கள். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் செய்த உருப்படியான முதல் வேலை, அப்பாவின் ஆபரேஷனுக்காக ஒரு எக்செல் அட்டவணை தயாரித்ததுதான்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அப்பா. இடுப்பு மூட்டு தேய்ந்து, திருவொற்றியூர் வீட்டின் மாடிப்படி ஏறவே திணறினார். மூட்டை மாற்ற வேண்டும் என்றார் ஒரு டாக்டர். இன்னொருவரோ, முன்பக்கமாகச் செய்தால் தசையை வெட்ட வேண்டியதில்லை என்றார். "கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லுடா" என்றார் அப்பா.

முதலில் கூகுளில் "சிறந்த ஆபரேஷன்" என்று தேடினேன். வந்தவை பெரும்பாலும் விளம்பரங்கள். பிறகு மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட் தளத்துக்குப் போனேன். ஹிப், ரீப்ளேஸ்மென்ட், அப்ரோச் என்ற மூன்று சொற்களை ஆங்கிலத்தில் டைப் செய்து, இடது ஓரத்தில் சிஸ்டமேட்டிக் ரிவியூ என்பதை டிக் செய்யுங்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து ஒப்பிடும் கட்டுரைகள் மட்டும் வரும். சுருக்கத்தைப் படிக்கக் கட்டணம் கிடையாது.

இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி 1962-ல் இன்றைய முறைக்கு வழிகாட்டிய செயற்கை மூட்டைப் பொருத்தினார். எந்த முறையானாலும் மூட்டு ஒன்றுதான், உள்ளே போகும் வாசல்தான் வேறு. எக்செல்லில் நான் எழுதியது இதோ:

1. பின்பக்கம்: நடைக்கு முக்கியமான பக்கவாட்டுத் தசை தப்பிக்கும். பின்னால் உள்ள சிறு தசைகளை வெட்டுவதால் மூட்டு நழுவும் ஆபத்து கொஞ்சம் அதிகம். அவற்றைத் திரும்பத் தைத்துவிட்டால் அது நன்றாகக் குறைகிறது.

2. பக்கவாட்டு: நழுவுவது குறைவு. ஆனால் அந்தப் பக்கவாட்டுத் தசையின் ஒரு பகுதியைப் பிரிப்பதால் சிலருக்கு நொண்டல் வரலாம்.

3. முன்பக்கம்: தசைகளுக்கு நடுவே புகுவதால் முதல் சில வாரங்களில் நடை சீக்கிரம் தேறும். தொடையில் மரத்துப்போன உணர்வு வரலாம். டாக்டருக்கு இந்த முறை கைவர நாளாகும். பழகாத கையில் தொடை எலும்பு உடையும் அபாயமும் உண்டு.

சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றே பல ஆய்வுகள் சொல்கின்றன.

கடைசியில் ஒரு காலியான பத்தி விட்டு, "டாக்டரிடம் கேட்க வேண்டியவை" என்று தலைப்பிட்டேன். நீங்கள் அதிகம் செய்யும் முறை எது? எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? நழுவினால் என்ன செய்வீர்கள்? வடிவுடையம்மன் கோயிலில் சம்மணம் போட்டு உட்காரலாமா? கடைசிக் கேள்வி அப்பாவுடையது!

பேஜ் செட்டப்பில் லேண்ட்ஸ்கேப் தேர்ந்தெடுத்தால் அட்டவணை ஒரே தாளில் அடங்கும். பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனோம். டாக்டர் பொறுமையாகப் பதில் எழுதிக் கொடுத்தார். தனக்கு நன்றாகக் கைவந்தது பின்பக்க முறைதான், தசைகளைத் தைத்துவிடுவேன் என்றார். சம்மணமும் இந்தியன் டாய்லெட்டும் வேண்டாம் என்றார். ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் மாற்றிவிட்டோம்.

அப்பா இப்போது கோயிலுக்கு நடந்தே போகிறார். பிராகாரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு முடிவு காத்திருந்தால், டாக்டரைப் பார்க்கும் முன் எக்செல்லைத் திறந்து கேள்விகளை டைப் செய்யுங்கள்.