ஞாயிறும் செவ்வாயும்: கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கரின் வார வழிபாடும் மன்றாட்டு மொழியும்

கொழும்பு மாநகரின் வடபாலுள்ள கொட்டாஞ்சேனையிலே கத்தோலிக்க மக்களின் வாரம் இரு நாட்களைச் சுற்றி அமைந்துள்ளது. ஒன்று ஞாயிறு. திருச்சபை தன் சட்டத்தினாற் கடமையாக விதித்த நாள் அது. மற்றது செவ்வாய். அதனை எவரும் எவர்க்கும் விதிக்கவில்லை. ஆயினும், வேலைநாளாகிய செவ்வாய்தோறும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கத்தோலிக்கரும் இந்துக்களும் பௌத்தரும் மெழுகுதிரியும் பூமாலையும் கொண்டு செல்கின்றனர். ஒரே பகுதி மக்கள் ஒரே வாரத்தில் இரு வேறு நாட்களில், இரு வேறு வகையான மொழியில், இறைவனோடும் புனிதரோடும் பேசுவதன் சமூக அடிப்படை யாது என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினாவாகும்.

சமய வழிபாட்டை மார்க்சிய நோக்கில் ஆராயப் புகும்போது, அபின் என்ற ஒரு சொல்லோடு ஆய்வை முடித்துவிடும் பழக்கம் நம்மவரிடையே நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. 1844ஆம் ஆண்டில் மார்க்ஸ் அச்சொல்லைப் பயன்படுத்திய அதே பந்தியிலே, சமயத்தில் வெளிப்படும் துன்பம் உண்மையான துன்பத்தின் வெளிப்பாடாகவும் அதற்கெதிரான கண்டனமாகவும் விளங்குவதைச் சுட்டிக்காட்டியிருந்தார் என்பது வசதியாக மறக்கப்படுகின்றது. துன்பத்தின் வெளிப்பாடு ஒன்றுளதாயின், அது ஒரு மொழியில் வெளிப்படல் வேண்டும். மொழியாயின் அஃது இலக்கிய ஆய்வாளனுக்கும் உரிய பொருளாகும். மன்றாட்டு என்பதும் ஓர் எடுத்துரை வடிவமே.

முதலில் நாட்களின் வரலாற்றை நோக்குவோம். பதுவை அந்தோனியார் 1231 யூன் 13ஆம் நாள், வெள்ளிக்கிழமையன்று இறந்தார். அடுத்த செவ்வாயன்று அடக்கஞ் செய்யப்பட்டார். செவ்வாய் அவர்க்குரிய நாளானதும், பதின்மூன்று செவ்வாய்கள் தொடர்ந்து வேண்டுதல் செய்யும் வழக்கம் தோன்றியதும் இதனாலாகும். ஐரோப்பாவில் தோன்றிய இவ்வழக்கம் இங்கு வேரூன்றுவதற்கு உள்ளூர்க் காரணமும் இருந்தது. தமிழரிடையே செவ்வாயும் வெள்ளியும் ஏற்கெனவே வழிபாட்டு நாட்களாகும். அம்மன் கோயிலுக்கும் முருகன் கோயிலுக்கும் செவ்வாய் விரதத்தோடு செல்லும் ஒருத்தி, அதே விரதத்தோடு அந்தோனியாரிடமுஞ் செல்வதற்குத் தன் நாட்காட்டியை மாற்றவேண்டியதில்லை. கொச்சிக்கடைப் பகுதியிலேயே, பொன்னம்பலம் இராமநாதன் கருங்கற் கோயிலாகப் புதுப்பித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயில் உள்ளது. இவ்விரு கோயில்களுக்கும் செல்லும் கால்கள் பல ஒரே கால்கள்தாம்.

அந்தோனியார் கோயிலின் தோற்றம் பற்றிய ஐதிகமும் ஒரு மன்றாட்டுக் கதையே. ஒல்லாந்தர் 1656இற் கொழும்பைக் கைப்பற்றிய பின்னர் கத்தோலிக்கக் குருமார் தடைசெய்யப்பட்டனர். அக்காலத்திலே கொச்சியிலிருந்து வந்து மறைந்து வாழ்ந்த அந்தோனி என்னும் குருவைக் கரையோர மீனவர் அணுகினர். கடல் நிலத்தை அரித்து வருகின்றது, அதனைத் தடுக்க மன்றாடுக என வேண்டினர். குரு கடற்கரையிற் சிலுவை நாட்டிச் செபித்தாரென்றும், கடல் பின்வாங்கியதென்றும், ஆட்சியாளர் அவரை அங்கு வாழ விட்டனரென்றும் கதை கூறும். கடல் பின்வாங்கிற்றோ என்பதன்று நமது வினா. ஆட்சியாளரின் சட்டத்தினால் மறைந்திருந்த ஒருவனிடம், பிழைப்புக்குரிய நிலத்தை இழந்துகொண்டிருந்தவர்கள் சென்றார்கள் என்பதே கதையின் கரு. மக்கள் தாமே தேர்ந்தெடுத்துப் போற்றிய கதை அது. ஆங்கிலேய ஆட்சியில் 1806ஆம் ஆண்டு கத்தோலிக்கர் மீதான தடைகள் நீக்கப்பட்டன. 1834இல் அங்கு பெருங்கோயில் எழுந்தது.

குருமார் இல்லாத அவ்விடைக்காலத்தில் வாராந்தச் செபத்தைக் காத்தவர்கள் மூப்பரும் அண்ணாவிமாருமான பொதுநிலையினரே. பூசை இல்லாத ஞாயிறுகளில் அவர்கள் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லுவித்தனர். 1687இல் இலங்கைக்கு மறைவாக வந்த யோசேப் வாஸ் அடிகளும், 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளும் இத்தகைய சமூகத்தின் மீதே கட்டியெழுப்பினர். பின்னவர் தமிழிலும் சிங்களத்திலும் நூல்களியற்றியவர். அவரது 'வியாகுலப் பிரசங்கம்' தமிழ் உரைநடை வரலாற்றில் உரிய இடத்தை இன்னும் பெறவில்லை என்பது நமது கருத்து. தமிழ் உரைநடையை ஆறுமுக நாவலரிலிருந்து தொடங்கும் நம் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்கள், செபப் புத்தகத்தை உரைநடையென ஏற்கத் தயங்கியே வந்துள்ளன.

தமிழ் அச்சு வரலாறே செபத்தோடுதான் தொடங்குகின்றது. 1554இல் லிசுபனில் உரோமன் எழுத்திலே தமிழ்ச் செபங்கள் அச்சாயின. 1578இற் கொல்லத்திலே அன்றீக் அன்றீக்கசின் 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்தில் அச்சாயிற்று. மீனவரும் முத்துக் குளிப்போருமான பரதவ மக்களை மனங்கொண்டு எழுந்த முயற்சி அது. அம்மரபில் வந்த கத்தோலிக்கச் செப மொழியில் சர்வேசுரன், அர்ச்சியசிஷ்டர், சம்மனசு, பூசை போன்ற சொற்கள் நிலைத்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) இலத்தீன் பூசையின் இடத்திற் சொந்த மொழி வழிபாட்டை அனுமதித்ததன் பின்னர் இறைவன், புனிதர், வானதூதர், திருப்பலி என்பன வந்தன. தமிழகத்தில் வளர்ந்த தனித்தமிழ் உணர்வின் சாயல் இம்மாற்றத்திற் காணப்படும். ஞாயிறு வழிபாடு புதிய தமிழைப் பேசத் தொடங்கியது. ஆயினும் அந்தோனியாரின் சுரூபத்தின் முன்னே முழந்தாளிட்டிருந்த முதியவர்கள் அர்ச்சியசிஷ்டவரையே தொடர்ந்து விளித்ததை நாம் கேட்டதுண்டு. சங்கத்தின் சீர்திருத்தம் செவ்வாய்க்குப் பிந்தித்தான் வந்து சேர்ந்தது.

வாரம் என்பது இயற்கை தந்த அளவன்று. பகலும் இரவும் போலன்றி, ஏழு நாட் சுழற்சி மனிதர் வகுத்தது, ஆகவே மாற்றத்துக்குரியது. ஈ. பி. தொம்சன் 1967இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், கைத்தொழில் முதலாளித்துவம் உழைப்பாளரின் கால உணர்வையே எவ்வாறு மாற்றியமைத்தது என விளக்கினார். இலங்கையில் இதற்கு நேரடியான சான்றொன்றுண்டு. 1966 தொடக்கம் 1971 வரை இந்நாட்டில் ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டுப் போயா நாட்களே வார விடுமுறையாக்கப்பட்டன. பெரும்பான்மைச் சமயத்தின் நாட்காட்டி அரசின் நாட்காட்டியாயிற்று. அந்த ஆண்டுகளிலே கத்தோலிக்க எழுதுவினைஞரும் ஆசிரியரும் தொழிலாளரும் தம் கடமைப் பூசையை வேலைநாளொன்றிற்குள் இடுக்கிக்கொள்ள வேண்டியவராயினர். மதகுருமாரும் நடுத்தர வகுப்பாரும் இதனைப் பெரும் இழப்பாகக் கண்டனர், அது நியாயமே. ஆனால் கொழும்புத் துறைமுகத்தின் நாட்கூலித் தொழிலாளிக்கு, கப்பல் வந்தால் ஞாயிறும் வேலைநாளே. கப்பல் வராவிடிற் புதனும் பட்டினி நாளே. அவனுடைய குடும்பம் வேலைநாளொன்றில், வேலைக்கு முன்னரோ பின்னரோ, கோயிலுக்குச் செல்ல நெடுங்காலத்துக்கு முன்பே கற்றிருந்தது. செவ்வாய் வழிபாட்டின் வலிமையை நாம் இங்குதான் தேடவேண்டும்.

வெள்ளவத்தையிலும் இதனை ஒத்த, ஆனால் வேறுபட்ட, நிலையொன்று இருந்தது. இன்று நடுத்தர வகுப்புத் தமிழரின் இடமாகவே அறியப்படும் அப்பகுதியின் காலத்தை ஒருபோது நூற்பு நெசவாலையே அளந்தது. 1933ஆம் ஆண்டு அவ்வாலையில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தில் கொல்வின் ஆர். டி சில்வா முன்னின்றார். இடதுசாரி இயக்கத்தின் தொடக்க நிகழ்ச்சிகளில் அஃது ஒன்று. ஆலை இருந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. காலி வீதியிலுள்ள புனித லோறன்சியார் ஆலயத்திற்குச் செல்வோரில் 1983க்குப் பின்னரான காலங்களிலே வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தோரும், பிள்ளைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பிவிட்டு இருப்போரும் மிகுந்தனர். விசாவும் பிரிவும் அவர்களுடைய மன்றாட்டின் பொருளாயின.

இனி, மன்றாட்டின் மொழிக்கு வருவோம். தமிழில் தன்மைப் பன்மை இருவகைப்படும். கேட்போனை உளப்படுத்துவது நாம். உளப்படுத்தாதது யாம் அல்லது நாங்கள். (யாழ்ப்பாணப் பேச்சு வழக்கில் இவ்வேறுபாடு பெரிதும் மங்கிவிட்டதாயினும் எழுத்து வழக்கில் அது நிலைபெற்றுள்ளது.) ஒரே கோயிலில் வேறு வேளைகளில் நிகழும் ஆங்கிலப் பூசையிலோ சிங்களப் பூசையிலோ இப்பாகுபாட்டிற்கு இடமில்லை, அம்மொழிகளில் அஃதில்லை. தமிழ் வழிபாட்டிலோ குருவானவர் மறையுரையில் நாம் என்கிறார். இறைவனை நோக்கும் கணத்திற் சபை முழுவதும் எங்கள் என்கிறது. கடவுள் அக்கூட்டத்துக்குப் புறத்தே நிற்கிறார் என்பதை இலக்கணமே காட்டிவிடுகிறது.

ஞாயிறு பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு என்றொரு பகுதியுண்டு. சங்கத்தின் பின்னர் மீட்டெடுக்கப்பட்ட இப்பகுதியில் திருச்சபைக்காகவும் நாட்டை ஆள்வோர்க்காகவும் நோயாளர்க்காகவும் உலக அமைதிக்காகவும் வேண்டப்படும். ஒருவர் வாசிக்க, எல்லோரும் ஒரே விடையைக் கூறுவர். குரல் கூட்டுக் குரல். பொருளோ பெரும்பாலும் பொதுப்படையானது. வறியோர் என்பர், எவர் அவரை வறியராக்கினார் என்பது கூறப்படாது. செவ்வாயன்று நிலைமை தலைகீழாகும். மகனுக்கு வேலை, வீட்டு வாடகை, அடகிலுள்ள நகை, குடிகாரக் கணவன், மருத்துவமனையிற் கிடக்கும் தாய், தடுத்துவைக்கப்பட்ட சகோதரன் என ஒவ்வொன்றும் பெயரோடும் விவரத்தோடும் சொல்லப்படும். நவநாள் வழிபாடுகளிலே மன்றாட்டுகளையும் நன்றியறிதல்களையும் எழுதிச் செலுத்தும் வழக்கம் பரவலானது. அவற்றைத் தொகுத்து நோக்கினால், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் முதல் மத்திய கிழக்குப் பணிப்பெண் வேலை வரை இந்நாட்டு உழைக்கும் மக்களின் வரலாறு கிடைக்கும். ஆனால் அங்கு பேசுவது நான் என்னும் ஒருமை. பக்கத்தில் நிற்பவளும் அதே வாடகைக்காகவே மன்றாடுகிறாள். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை.

இதுவே நம்மை உறுத்தும் முரண்பாடு. ஞாயிறுக்குக் கூட்டுக் குரலுண்டு, பொருளில்லை. செவ்வாய்க்குப் பொருளுண்டு, கூட்டுக் குரலில்லை.

செவ்வாய் மன்றாட்டின் அமைப்பு இம்மண்ணின் அதிகார உறவுகளை ஒத்திருப்பதும் கவனிக்கத்தக்கது. புனிதரிடம் வரம் நேரே கேட்கப்படுவதில்லை. பரிந்துபேசுமாறே அவர் வேண்டப்படுகிறார். முதலியாரிடம் மனுக் கொடுத்த மக்கள், பின்னர் பாராளுமன்ற உறுப்பினரின் சிபார்சுக் கடிதத்துக்காகக் காத்துநின்ற மக்கள், விண்ணுலகையும் அவ்வாறே கற்பனை செய்தனர். ஆயினும் ஒரு வேறுபாடுண்டு. அந்தோனியார் வாக்குக் கேட்பதில்லை, இனமும் கேட்பதில்லை. 1927ஆம் ஆண்டுத் துறைமுக வேலைநிறுத்தத்தில் ஒன்றுசேர்ந்த சிங்களத் தொழிலாளரும் இந்தியத் தொழிலாளரும் பின்வந்த ஆண்டுகளிற் பிரிக்கப்பட்டனர். அவர்களுடைய மனைவியரும் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்ற இடங்களுள் இக்கோயிலும் ஒன்றாய் நீடித்தது. இவ்வொற்றுமையை மிகைப்படுத்தலாகாது, இதே கொட்டாஞ்சேனையில் 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்றுதான் பௌத்த ஊர்வலமொன்றுக்கும் கத்தோலிக்கருக்குமிடையே கலவரம் மூண்டது.

ஞாயிறின் வெறுமையைத் திருச்சபைக்குள்ளிருந்தே சுட்டிக்காட்டியவர் திஸ்ஸ பாலசூரிய அடிகள். 1971இற் சமூக சமய நிலையத்தை நிறுவிய அவர், நற்கருணையும் மானிட விடுதலையும் பற்றி 1977இல் எழுதிய நூலில், பல நூற்றாண்டுகளாகப் பூசை கண்ட கிறிஸ்தவ நாடுகள் எவ்வாறு குடியேற்றச் சுரண்டலை நடத்தின என வினவினார். பின்னர் மரியாள் பற்றி எழுதிய நூலுக்காக 1997 சனவரியில் அவர் திருச்சபையினின்று விலக்கப்பட்டார். ஓராண்டின் பின் அவ்விலக்கு நீக்கப்பட்டது.

2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடையிலே காலை வழிபாட்டின்போது குண்டு வெடித்தது. நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகளிலுமாக அன்று கொல்லப்பட்டோர் இருநூற்றறுபதுக்கு மேற்பட்டோர். உளவுத் தகவல் முன்னரே கிடைத்திருந்தும் ஆள்வோர் செயற்படவில்லை என்பது விரைவில் வெளிப்பட்டது. ஆள்வோர்க்காக ஞாயிறுதோறும் மன்றாடிய சபைக்கு இது சாதாரண செய்தியன்று. 2021 மார்ச் 7ஆம் நாளைக் கறுப்பு ஞாயிறாக அனுசரிக்குமாறு திருச்சபை அழைத்தது. மக்கள் கறுப்புடை அணிந்து பூசைக்கு வந்து, பூசையின் பின் பதாகைகளோடு கோயில் வாயில்களில் நின்றனர். செவ்வாய்க்குரிய குறிப்பான பொருள் ஞாயிறின் கூட்டுக் குரலுக்குள் வந்து சேர்ந்த நாள் அது. எங்கள் என்ற சொல்லுக்கு அன்று முகங்களிருந்தன. கர்தினால் மல்கம் ரஞ்சித்தின் அரசியல் நிலைப்பாடுகள் பற்றி நமக்குப் பல ஐயங்களுண்டு. அன்று நின்ற மக்களின் கோரிக்கையை அவை குறைப்பனவல்ல.

மன்றாட்டு என்ற சொல்லின் அடியில் மன்று உள்ளது. அவையின் முன், வழக்கு மன்றின் முன், எடுத்துரைத்தல் என்ற பொருள் அதனுள் உறைகின்றது. பாதிக்கப்பட்டோரின் உறவினரும் பிறரும் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்களைத் தாக்கல் செய்தனர். 2023 சனவரி 12ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், முன்னாட் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து பத்துக் கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டுமென மன்று கட்டளையிட்டது. பாதுகாப்புத் துறையின் முன்னாள் உயரதிகாரிகள் சிலரும் இழப்பீடு செலுத்தப் பணிக்கப்பட்டனர். கொச்சிக்கடைக் கோயில் அதற்கு நெடுமுன்னரே, 2019 யூனில், அந்தோனியார் திருநாளையொட்டி மீண்டும் திறக்கப்பட்டிருந்தது. செவ்வாய்க் கூட்டமும் திரும்பி வந்தது.