“செல்லடிக் காது” என்று விட்டுவிடாதீர்கள்

2009இல் முள்ளிவாய்க்காலில் எங்கள் பதுங்குகுழிக்குப் பக்கத்தில் எறிகணை விழுந்து வெடித்தபோது அம்மாவின் இடது காதிலிருந்து இரத்தம் வந்தது. மெனிக்பாம் முகாமுக்கு வந்தபின் அதே காதில் சீழ் வடியத் தொடங்கியது. மருந்தெடுக்க வரிசையில் நின்றவர், முன்னால் நின்ற காயக்காரரைக் கண்டதும் திரும்பி வந்துவிட்டார். “சனம் கை, கால் இல்லாமல் நிக்குது. காதில கொஞ்சம் சீழ் வாறது ஒரு வருத்தமே பிள்ளை?” என்று கேட்டார்.

கிளிநொச்சிக்குத் திரும்பிய பிறகும் சீழ் வருவதும் நிற்பதுமாக இருந்தது. பஞ்சால் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார். யாராவது கதைத்தால் வலது காதைத் திருப்பிக் கொடுப்பார். “செல்லடிக் காது, அப்பிடித்தான்” என்று நாங்களும் பழகிவிட்டோம். 15 வருடங்களுக்கு மேல் கழித்து, தலைசுற்று வந்தபிறகுதான் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். நடுக்காதுக்குள் தோல் வளர்ந்து, சுற்றியிருந்த எலும்பை அரித்திருந்தது. சத்திரசிகிச்சையின் பின் சீழ் நின்றது. போன கேள்திறன் திரும்பவில்லை.

எங்களைப் போன்ற வீடுகள் இன்னும் இருக்கும் என்பதால், கிளினிக்கில் கேட்டும் பிறகு வாசித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

காது

குண்டுவெடிப்பு காதை இரண்டு விதமாகத் தாக்கும். ஒன்று, செவிப்பறை கிழிவது. சிறிய கிழிசல் என்றால், தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் சில வாரங்களில் அல்லது மாதங்களில் தானாக மூடிவிடும். மூடாத ஓட்டையால் கிருமி போய்வரும். அதனால்தான் சீழ். மற்றையது, உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்க்கலங்கள் அழிவது. அவை மீண்டும் முளைப்பதில்லை. கேள்திறன் குறைவதும், இரவில் காதுக்குள் “கீ” என்று இரைவதும் இதனால் வரலாம். அந்த இரைச்சல் விசர் அல்ல. வெளியில் சொல்ல வெட்கப்படவும் தேவையில்லை. நித்திரையைக் கெடுக்கிறதென்றால், ஒரு காதில் மட்டும் என்றால், நாடித்துடிப்போடு சேர்ந்து இரைகிறதென்றால் கட்டாயம் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

சீழ் வரும் காதைக் காட்டாமல் இருக்கக்கூடாது. மணத்தோடு வந்தால் இன்னும் கவனம். சீழோடு காய்ச்சல், கடும் தலையிடி, தலைசுற்று, காதின் பின்புறம் வீக்கம், முகம் ஒரு பக்கம் கோணுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். நோ, சீழ் எதுவுமில்லாமல் ஒரு காது திடீரென்று கேளாமல் போனாலும் அன்றைக்கே போங்கள். அதற்கான மருந்து ஆரம்ப நாட்களில்தான் நன்றாக வேலை செய்யும்.

சுடவைத்த எண்ணெய், உள்ளிச்சாறு, கோழியிறகு, நெருப்புக்குச்சி எதையும் காதுக்குள் விடாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருக்கும்போது சில சொட்டுமருந்துகள் உட்காதைப் பாதிக்கலாம். அதனால் பாமசியில் கேட்டு வாங்கி விடுவதும் நல்லதல்ல. குளிக்கும்போது வாசலின் பூசிய பஞ்சைக் காதில் வையுங்கள்.

பிள்ளைகளையும் கவனியுங்கள். சொல்வழி கேட்காத பிள்ளை என்று நாம் ஏசும் பிள்ளைக்கு உண்மையில் காது கேளாமலும் இருக்கலாம். தடிமலுக்குப் பின் நடுக்காதில் நீர் தேங்கினால் அப்படி நடக்கும்.

மூக்கு

தடிமல் பொதுவாகப் பத்து நாட்களுக்குள் மாறிவிடும். மாறாமல் இழுத்தாலும், குறைந்து மீண்டும் காய்ச்சல், முகநோவோடு கூடினாலும் காட்டுங்கள். மூக்கால் இரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள். முன்னுக்குக் குனிந்து, மூக்கின் மெதுவான பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் இறுக்கிப் பிடியுங்கள். அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் வைத்தியசாலைதான். ஒரே பக்கம் அடிக்கடி அடைத்து இரத்தம் வருவதைத் தடிமல் என்று விடக்கூடாது. சிறு பிள்ளைக்கு ஒரு மூக்கால் மட்டும் மணக்கும் சளி வந்தால் எதையோ உள்ளே வைத்திருக்கலாம். அது சிறிய வட்ட பற்றரியாக இருந்தால் சில மணித்தியாலங்களுக்குள்ளேயே உள்ளே எரித்துவிடும்.

தொண்டை

தொண்டைநோ பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் மாறும். எச்சிலும் விழுங்க முடியாமல், வாய் திறக்க முடியாமல், மூச்செடுக்கச் சத்தம் வந்தால் அவசரம். 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

குரல் மூன்று கிழமைக்கு மேல் கம்மியிருத்தல், மாறாத வாய்ப்புண், வாய்க்குள் வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, கழுத்தில் கட்டி, விழுங்கும்போது தடக்குதல் ஆகியவற்றை வெற்றிலை போடுவோரும் புகைப்போரும் ஒருபோதும் தள்ளிப்போடக்கூடாது. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்னிலையில் இருக்கிறது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும்.

எங்கே போவது?

பக்கத்து அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போனால், தேவையென்றால் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள். அரச வைத்தியசாலையில் கட்டணமில்லை. எந்தக் காது, எப்போது தொடங்கியது, பக்கத்தில் செல் விழுந்ததா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பழைய கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு இருந்தால் கொண்டுபோங்கள். போன கேள்திறன் திரும்பாவிட்டாலும், கேட்கும் கருவி பலருக்கு உதவும்.

போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா தன் காதிலும் சீழ் வருவதாக அம்மாவிடம் மெல்லச் சொன்னார். அம்மாவுக்குக் கேட்கவில்லை. இன்னொருமுறை உரக்கச் சொல்லவைத்துக் கேட்டுவிட்டு, “நாளைக்கு கிளினிக் நாள். விடிய வெளிக்கிடு, நானும் வாறன்” என்றார்.