கணினிச் சரக்குக்கும் சீட்டு உண்டு. படித்துப் பார்த்தே ஏற்றுவோம்

மண்டியில் லோடு வந்து இறங்கியதும் நாம் முதலில் பார்ப்பது சரக்கை அல்ல. சரக்கைப் பற்றி எழுதியிருப்பதைத்தான். பில், லாரி ஆபீஸ் சிட்டை, மூட்டையின் மேல் உள்ள மார்க்கா, எடை, வாய்த் தையல் இவை எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே குத்தூசி போட்டுச் சரக்கைக் கையில் எடுக்கிறோம். தையல் பிரிந்த மூட்டையைத் தனியே வைக்கச் சொல்வதற்கு நமக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம் அது.

ஆனால் இன்று நமது கடைகளுக்குள் ஒரே ஒரு சரக்கு மட்டும் எந்தச் சோதனையும் இல்லாமல் நுழைந்துகொண்டிருக்கிறது. அதுதான் மென்பொருள். தருமபுரி நகரமானாலும், அரூர், பாலக்கோடு, பென்னாகரம் கடைவீதிகளானாலும் கணினியில் பில் போடாத மொத்த வியாபாரி இன்று அரிது. கைபேசியில் பணம் வாங்காத பெட்டிக்கடையும் அரிது. அந்த மென்பொருள் எப்படி வந்தது என்று கேட்டால், "கம்ப்யூட்டர் பையன் பென் டிரைவில் கொண்டு வந்து ஏற்றினான்" என்பதுதான் பல இடங்களில் கிடைக்கும் பதில். புளி மூட்டைக்குக் கேட்கும் கேள்வியைக் கூட, நம் பாக்கிக் கணக்கு முழுவதையும் சுமக்கும் பொருளுக்கு நாம் கேட்பதில்லை.

சீட்டில் என்ன இருக்கும்?

மென்பொருளும் பொட்டலமாகவே நம்மிடம் வருகிறது. அந்தப் பொட்டலத்தோடு ஒரு சீட்டும் சேர்ந்தே வருகிறது. பொருளின் பெயர், பதிப்பு எண், தயாரித்தவர், உரிமம், எந்தக் கணினியில் ஓடும், வேறு எந்தெந்தத் துணை மென்பொருள்கள் தேவை என்பன போன்ற விவரங்கள் அதில் இருக்கும். தொழில்நுட்பம் அறிந்தவர்கள் இதை மெட்டாடேட்டா என்கிறார்கள். நாம் சரக்குச் சீட்டு என்றே சொல்லிக்கொள்ளலாம்.

இது நமக்குப் புதிதல்ல. பொட்டலப் பொருட்கள் பற்றிய 2011-ம் ஆண்டு எடையளவு விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை ஆகியவற்றைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும் என்பதை நாம் அறிவோம். உணவுப் பொருளானால் 14 இலக்க உரிம எண்ணும், சேர்மானப் பட்டியலும் வேண்டும். அதே கண்ணோடு மென்பொருளின் சீட்டையும் படிக்கலாம்.

முதலில் பெயர். பிரபலமான மார்க்காவில் ஓர் எழுத்தை மாற்றிப் போலிச் சோப்பு விற்பது போல, பெயரில் ஓர் எழுத்தையும், படத்தில் ஒரு நிறத்தையும் மாற்றிப் போலிச் செயலிகள் உலவுகின்றன. பெயருக்குக் கீழே தயாரித்தவர் யார் என்று எழுதியிருக்கும். அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அடுத்தது பதிப்பு எண். இதில் நம் போன்ற கணக்குப் பிள்ளைகள்தான் ஏமாறுவோம். 3.10 என்பதும் 3.9 என்பதும் தசம எண்கள் அல்ல. புள்ளிக்குப் பின்னால் இருப்பது வரிசை எண். ஆகவே 3.9-க்குப் பிறகு வந்தது 3.10. ரூபாய் பைசா போலப் படித்தால் பழையதைப் புதியதென்று ஏற்றிவிடுவோம்.

மூன்றாவது சேர்மானம். ஒரு மென்பொருளுக்குள் பிறர் செய்த சிறு சிறு பகுதிகள் பல இருக்கும். 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற ஒரு சிறு பகுதியில் பெரிய ஓட்டை இருப்பது வெளிப்பட்டது. அது எந்தெந்த மென்பொருளுக்குள் இருக்கிறது என்று தெரியாமல் உலகம் முழுவதும் நிறுவனங்கள் தேடித் திண்டாடின. மசாலாப் பொட்டலத்தில் சேர்மானம் எழுதாவிட்டால், கலப்பட மிளகாய்த் தூள் எந்தப் பொட்டலத்தில் போயிற்று என்று கண்டுபிடிக்க முடியுமா? மென்பொருளுக்கும் இத்தகைய சேர்மானப் பட்டியல் வேண்டும் என்று மத்திய அரசின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது.

சரிபார்க்கும் எண்

சீட்டைப் படிப்பது ஒன்று. அது உண்மையா என்று சோதிப்பது வேறொன்று. நாம் தினமும் பார்க்கும் பார்கோடிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 13 இலக்கங்களில் கடைசி இலக்கம் மற்ற 12-க்கும் காவல். 8901234567890 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் 12 இலக்கங்களில் ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 34. அதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. அடுத்த பத்தின் மடங்குக்குக் குறைவு ஏதும் இல்லை. ஆகவே காவல் இலக்கம் 0. நடுவில் உள்ள 4-ஐத் தவறாக 5 என்று அடித்தால் கூட்டுத்தொகை 131 ஆகும். காவல் இலக்கம் 9 ஆக வேண்டும். ஒத்துவராததால் கருவி ஏற்க மறுக்கும்.

மென்பொருள் பொட்டலத்துக்கு இதைவிடப் பெரிய காவல் எண் உண்டு. பொட்டலம் முழுவதையும் கணக்கிட்டு 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரியைத் தருவார்கள். உள்ளே ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த வரி அடியோடு மாறிவிடும். நல்ல தயாரிப்பாளர்கள் தங்கள் தளத்தில் இதை வெளியிடுகிறார்கள். இறக்கிய பொட்டலத்தை நம் கணினியில் கணக்கிட்டு இரண்டையும் ஒப்பிட்டால், வழியில் யாரும் கை வைத்தார்களா என்று தெரிந்துவிடும்.

இதே வகைக் கணக்கு நமது பில்களிலேயே இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள், மற்றொரு வணிகருக்கு விற்கும்போது மின்-விலைப்பட்டியல் போட வேண்டும். அதில் காணப்படும் 64 எழுத்து ஐ.ஆர்.என். எண், விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகியவற்றிலிருந்து இதே முறையில் பிறப்பதுதான்.

முத்திரை ஏன் வேண்டும்?

காவல் எண் தவறைப் பிடிக்கும், திருடனைப் பிடிக்காது. போலிப் பொட்டலம் செய்பவன் அதற்கேற்ற காவல் எண்ணையும் தானே கணக்கிட்டுப் பக்கத்தில் எழுதி வைக்கலாம் அல்லவா? அதனால்தான் முத்திரை தேவைப்படுகிறது. மின்னணுக் கையொப்பம் என்பது தயாரிப்பாளரிடம் மட்டுமே உள்ள ரகசியச் சாவியால் இடப்படுவது. அதைச் சரிபார்க்கும் சாவி பொதுவில் இருக்கும். சரிபார்க்க எவராலும் முடியும். இட ஒருவரால்தான் முடியும்.

மின்-விலைப்பட்டியலில் உள்ள கியூ.ஆர். கட்டமும் இப்படிக் கையொப்பமிடப்பட்டதே. ஐ.ஆர்.என். எண்ணில் தொகை அடங்கவில்லை, ஆனால் கியூ.ஆர். கட்டத்துக்குள் மொத்தத் தொகையும் வாங்குபவரின் எண்ணும் அடங்கியுள்ளன. பில்லில் தொகையைத் திருத்தியிருந்தால் ஜி.எஸ்.டி. வலையமைப்பின் சரிபார்ப்புச் செயலி காட்டிக் கொடுத்துவிடும்.

விண்டோஸ் கணினியில் ஒரு மென்பொருள் கோப்பை வலது பக்கம் சொடுக்கிப் 'பிராப்பர்ட்டீஸ்' பகுதிக்குப் போனால், கையொப்பம் இருக்குமானால் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற பக்கத்தில் யார் கையொப்பம் என்று தெரியும். பூட்டு உடைத்த மலிவு மென்பொருளில் அந்தக் கையொப்பம் இருக்காது, அல்லது செல்லாததாகக் காட்டும். பூட்டை உடைத்தவன் உள்ளே வேறு எதை வைத்துத் தைத்தான் என்று யாருக்குத் தெரியும்?

ஆண்ட்ராய்டு கைபேசியில், ஏற்கெனவே உள்ள செயலிக்குப் புதுப்பிப்பு வந்தால், பழைய முத்திரையும் புதிய முத்திரையும் ஒன்றாக இருந்தால்தான் கைபேசி ஏற்கும். ஆனால் முதன்முறை ஏற்றும்போது ஒப்பிடப் பழைய முத்திரை கிடையாது. 2024-ம் ஆண்டு முதல் வட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏ.பி.கே. கோப்புகளை அனுப்பி வங்கிப் பணத்தைச் சுருட்டும் மோசடி பற்றிப் போலீசார் எச்சரித்து வருவது இந்த இடைவெளியால்தான். பத்திரிகை என்பது படமாக வரும், செயலியாக வராது.

2017 ஜூன் 27 சொல்லும் பாடம்

இவ்வளவும் பார்த்தால் போதுமா? போதாது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சாட்சி. உக்ரைன் நாட்டில் வரிக்கணக்குத் தாக்கல் செய்ய வணிகர்கள் பரவலாகப் பயன்படுத்திய மென்பொருள் எம்.இ.டாக். அதன் புதுப்பிப்புகளை அனுப்பும் கணினிக்குள் விஷமிகள் நுழைந்து, புதுப்பிப்பிலேயே விஷத்தைக் கலந்தார்கள். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்று பின்னர் பெயர் பெற்ற அழிவு நிரல் கிளம்பியது. பெயரும் சரி, வந்த வழியும் சரி. மில்லிலேயே கலப்படம் நடந்துவிட்டது.

அங்கிருந்து அது உலகெங்கும் பரவியது. மெர்ஸ்க் என்ற பெரிய கப்பல் நிறுவனம் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக அமைக்க நேர்ந்தது. நஷ்டம் 20 முதல் 30 கோடி டாலர் என்று அந்நிறுவனமே மதிப்பிட்டது. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய முனையத்திலும் வேலை முடங்கிக் கண்டெய்னர்கள் தேங்கின. நம் நாட்டில் ஜி.எஸ்.டி. அமலுக்கு வர நான்கே நாட்கள் இருந்த நேரம் அது. நாமெல்லாம் புது பில்லிங் மென்பொருளுக்கு அலைந்துகொண்டிருந்த அதே வாரம்.

அந்நிறுவனத்தைக் காப்பாற்றியது எது தெரியுமா? அதன் வலையமைப்பின் அடிப்படைப் பதிவுகள் அழிந்துபோன நிலையில், ஆப்பிரிக்காவின் கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும் ஒரு பிரதி தப்பியிருந்தது. அன்று அங்கே கரண்ட் இல்லாததால் அந்த இயந்திரம் இணைப்பில் இல்லாமல் கிடந்தது! கரண்ட் போனால் திட்டும் நாம் இதை நினைவில் வைப்போம். கம்பியிலிருந்து பிரிந்து கிடக்கும் ஒரு பிரதிதான் கடைசிக் காவல்.

நாம் செய்ய வேண்டியவை

1. மென்பொருளைத் தயாரித்தவரின் தளத்திலிருந்தோ, பிளே ஸ்டோரிலிருந்தோ மட்டுமே இறக்குவோம். வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்பைத் தொட வேண்டாம்.

2. ஏற்ற வருபவரிடம் பெயர், பதிப்பு எண், தயாரித்தவர், தேதி நான்கையும் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவோம். கையொப்பப் பக்கத்தை நம் கண் முன்னே திறந்து காட்டச் சொல்வோம்.

3. வைரஸ் காவலை அணைத்துவிட்டு ஏற்ற வேண்டும் என்று யார் சொன்னாலும், மூட்டையைப் பிரிக்காதே என்று சொல்லும் லாரிக்காரரை எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பார்ப்போம்.

4. தினமும் கடை சாத்துமுன் கணக்கைத் தனி டிரைவில் பிரதி எடுத்துக் கழற்றிப் பெட்டியில் வைப்போம். மாதம் ஒரு முறை அந்தப் பிரதி திறக்கிறதா என்றும் பார்ப்போம்.

5. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிப்போம்.

மழை இல்லாத ஆண்டில் கடன் கேட்டு வரும் விவசாயிக்கு அரிசி பருப்பு கொடுத்து, அறுவடையில் வாங்கிக்கொள்ளும் வழக்கம் நம் மாவட்டத்தில் இன்றும் உண்டு. அந்த நம்பிக்கை முழுவதும் இருப்பது பேரேட்டில்தான். பேரேடு கணினிக்குள் போய்விட்டது; பேரேட்டைக் காக்கும் பொறுப்பு நம்மிடமே இருக்கிறது. மூட்டைக்குப் போடும் குத்தூசியை மென்பொருளுக்கும் போட்டுப் பார்ப்போம்.