ஓரியின் அம்பும் எஃப் 10 விசையும்!

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? 70 கொண்டை ஊசி வளைவுகள்! தலை கிறுகிறுக்க மேலே ஏறிச் செம்மேட்டுக்குப் போனால், அங்கே ஒரு வீரர் சிலையாக நிற்பார். அவர்தான் வல்வில் ஓரி. கொல்லிமலையை ஆண்ட மன்னர். கடையெழு வள்ளல்களில் ஒருவர்.

ஓரி விட்ட ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் காட்டுப்பன்றியையும் துளைத்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பின் மேல் தைத்ததாம். புறநானூற்றில் வன்பரணர் என்னும் புலவர் இதைப் பாடியிருக்கிறார்.

இதே போன்ற வேலையை உங்கள் விரலும் செய்கிறது, தெரியுமா? கம்ப்யூட்டர் கீபோர்டில் ஒரு விசையைத் தட்டினால், அந்தத் தட்டு ஐந்து இடங்களைக் கடந்து போகிறது. ஓரியின் அம்பை நடுவில் யாராலும் திருப்ப முடியாது. ஆனால், உங்கள் தட்டை நடுவழியில் வேறு பக்கம் திருப்பலாம்!

மழை பெய்தால் பாடம் கேட்குமா?

எதற்காகத் திருப்ப வேண்டும் என்று கேட்கிறீர்களா? மலையில் ஒரு பள்ளிக்கூடம். தகரக் கூரை. ஆசிரியர் கம்ப்யூட்டரில் பாடம் போட்டுக் காட்டுகிறார். திடீரென்று சடசடவென்று மழை! கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. மவுஸை நகர்த்தி, திரையின் மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைத் தேடி, சத்தத்தைக் கூட்டுவதற்குள் பாதிப் பாடம் போய்விடுகிறது.

புதிய கீபோர்டு என்றால் சத்தத்தைக் கூட்ட, குறைக்கத் தனி விசைகள் இருக்கும். பழைய கீபோர்டில் இருக்காது. அதற்காகப் புதிது வாங்க வேண்டுமா? வேண்டாம். மேல் வரிசையில் எஃப் 1 முதல் எஃப் 12 வரை விசைகள் வரிசையாக நிற்கின்றனவே, அவற்றில் சில பெரும்பாலும் சும்மாதான் இருக்கின்றன. அவற்றுக்கு இந்த வேலையைக் கொடுத்துவிடலாம்.

ஐந்து இடங்கள் எவை?

முதல் இடம், விசைக்கு அடியில். அங்கே குறுக்கும் நெடுக்குமாக மின்கம்பிகள் ஓடுகின்றன. நீங்கள் தட்டியதும் ஒரு குறுக்குக் கம்பியும் ஒரு நெடுக்குக் கம்பியும் தொட்டுக்கொள்ளும்.

இரண்டாவது இடம், கீபோர்டுக்குள் இருக்கும் சிறிய சில்லு. எந்தெந்தக் கம்பிகள் தொட்டன என்று பார்த்து, அது என்ன விசை என்று கண்டுபிடிக்கும்.

மூன்றாவது இடம், ஒயர். அதன் வழியே கம்ப்யூட்டருக்குப் போவது எழுத்து அல்ல, வெறும் எண்தான்!

நான்காவது இடம்தான் முக்கியம். விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் அந்த எண்ணை வாங்கி, தன்னிடம் இருக்கும் பட்டியலைப் புரட்டி, 'இந்த எண் வந்தால் இந்த வேலை' என்று முடிவு செய்யும்.

ஐந்தாவது இடம், அந்த வேலையைச் செய்யும் பகுதி. எழுத்தாக இருந்தால் திரை. சத்தமாக இருந்தால் ஸ்பீக்கர்.

லினக்ஸில் எஃப் 10 விசையின் எண் 68. சத்தத்தைக் கூட்டும் விசையின் எண் 115. '68 வந்தால் 115 வந்ததாக நினைத்துக்கொள்' என்று பட்டியலில் மாற்றி எழுதினால் போதும். எஃப் 10-ஐத் தட்டினால் சத்தம் கூடும்!

ஒரு வேடிக்கை கேளுங்கள். எஃப் 10-இன் எண் 68 என்றால், எஃப் 11-இன் எண் 69தானே? இல்லை, 87! ஏனென்றால், 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். கம்ப்யூட்டரில் எஃப் விசைகள் பத்துதான் இருந்தன. அடுத்த எண்களை வேறு விசைகள் பிடித்துக்கொண்டன. பின்னால் வந்து சேர்ந்த எஃப் 11, எஃப் 12 இரண்டுக்கும் 87, 88 என்ற எண்கள் கிடைத்தன. பஸ்ஸில் தாமதமாக ஏறினால் பின் சீட்டுதானே கிடைக்கும்?

செய்து பாருங்கள்!

* மடிக்கணினி என்றால் முதலில் மேல் வரிசையைப் பாருங்கள். ஸ்பீக்கர் படம் இருக்கிறதா? அந்த விசையைத் தட்டுங்கள். பலன் இல்லையென்றால், கீழ் வரிசையில் இருக்கும் 'எஃப்என்' விசையோடு சேர்த்துத் தட்டுங்கள். பல மடிக்கணினிகளில் இதுவே போதும்.

* விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'பவர்டாய்ஸ்' என்ற மென்பொருள் இருக்கிறது. அதில் 'கீபோர்டு மேனேஜர்' என்ற பகுதியைத் திறந்து எஃப் 8-க்குச் சத்தத்தை நிறுத்தும் வேலை, எஃப் 9-க்குக் குறைக்கும் வேலை, எஃப் 10-க்குக் கூட்டும் வேலை என்று கொடுக்கலாம். அந்த மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் மாற்றம் செல்லும்.

* உபுண்டு லினக்ஸில் அமைப்புகள் பகுதிக்குள் கீபோர்டு குறுக்குவழிகள் என்று இருக்கும். ஒலிக்கான வரியைத் தேர்ந்தெடுத்து, வேண்டிய விசையைத் தட்டினால் முடிந்தது.

எஃப் 1, எஃப் 5, எஃப் 11 ஆகியவற்றைத் தொடாமல் விடுங்கள். உதவி கேட்க, இணையப் பக்கத்தைப் புதுப்பிக்க, திரையை முழுதாக விரிக்க அவை வேண்டும். பள்ளிக் கம்ப்யூட்டர் எல்லாருக்கும் பொது. ஆசிரியரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள். எதை மாற்றினீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வருபவர் கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்!

தமிழும் இப்படித்தான் வந்தது!

'சத்தத்தைக் கூட்ட இவ்வளவு பாடமா?' என்று நினைக்காதீர்கள். இதே வித்தைதான் நம் மொழியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தது.

பழைய தட்டச்சுப் பொறியில் எழுத்துகள் உலோக அச்சுகளாக இருந்தன. விசையைத் தட்டினால் அந்த அச்சுதான் போய்த் தாளில் அடிக்கும். வேறு எழுத்து வராது. கம்ப்யூட்டர் விசை எண்ணைத்தானே அனுப்புகிறது? அதனால், ஆங்கில எழுத்து அச்சிட்ட விசையிலிருந்தே தமிழை வரவழைக்க முடிந்தது.

ஆனால், ஒரு சிக்கல். ஆளுக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள்! ஒரு மென்பொருளில் பழகியவர் வேறொன்றில் உட்கார்ந்தால் எழுத்தைத் தேடித் தவிக்க வேண்டியிருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்இணையம் 99' மாநாட்டை அடுத்து, அதே ஆண்டில் தமிழக அரசு ஒரு பொதுவான விசை அமைப்பை அறிவித்தது. அதன் பெயர் 'தமிழ் 99'. இடது கைப் பக்கம் உயிர் எழுத்துகள். வலது கைப் பக்கம் பெரும்பாலும் மெய் வரிசைகள். 247 எழுத்துகளையும் இதிலேயே அடிக்கலாம். 'அம்மா' என்று அடிக்க ஏ, கே, கே, க்யூ என்று நான்கு தட்டுகள் போதும். நடுவில் வரும் புள்ளியைக் கம்ப்யூட்டரே வைத்துவிடும்!

ஆகவே, விசையின் மேல் அச்சிட்டிருப்பது வெறும் பெயர்ப்பலகைதான். அது என்ன செய்ய வேண்டும் என்பதை நாம் சொல்லலாம். ஒரு கையால் மட்டும் தட்டச்சு செய்பவர்கள், எட்டாத விசையின் வேலையை எட்டும் விசைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு விசை உடைந்துபோனால், அதன் வேலையைப் பக்கத்து விசைக்குக் கொடுக்கலாம்.

சரி, கடைசியாக ஒரு விளையாட்டு. கம்ப்யூட்டரில் தமிழ் 99-ஐத் தேர்ந்தெடுத்து எக்ஸ், எம், எஸ் என்ற மூன்று விசைகளையும் வரிசையாகத் தட்டுங்கள். திரையில் யார் வந்து நிற்கிறார் என்று பாருங்கள்!